ஏர் பிஸ்டல் குறிக்குக் கீழே சுடுகிறதா? சைட் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

"சைட் பிக்சர் சரியாத்தான் இருக்கு, ஆனா ஷாட் எல்லாம் கீழேயே போகுது." ரேஞ்சில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆனவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. (சைட் என்பது குறிபார்க்கும் பாகம். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் தெரியும் தோற்றம்தான் சைட் பிக்சர்.) பக்கத்து லேனில் நிற்பவர் உடனே, "பின் சைட்டை நாலு கிளிக் ஏத்துங்க" என்பார். (சைட் ஸ்க்ரூவைத் திருப்பும்போது 'டிக்' என்று நிற்கும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்.) அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. ஷாட் கீழே விழக் காரணம் கையின் பழக்கம் என்றால், சைட்டை ஏற்றி அதை மறைத்து வைக்கிறீர்கள். அடுத்த வாரம் கை கொஞ்சம் ஒழுங்கானதும் ஷாட் எல்லாம் மேலே எட்டில் போய் நிற்கும், திரும்ப ஸ்க்ரூவைத் திருப்புவீர்கள். ஒரு மாதம் இப்படிப் போனால் உங்கள் பிஸ்டலின் உண்மையான ஜீரோ (ஷாட் நடுவில் விழும்படியான சைட் நிலை) எது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

இங்கே சொல்வது 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ ஏர் பிஸ்டலுக்கு, அதிலும் இன்று பெரும்பாலோர் வைத்திருக்கும் அழுத்தக் காற்று சிலிண்டர் வகைக்கு. ஸ்ப்ரிங் பிஸ்டன் வகைக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஒரே டின்னிலிருந்து 80 பெல்லட் (ஈயக் குண்டு), பத்துப் பேப்பர் டார்கெட், மில்லிமீட்டர் ஸ்கேல், பிஸ்டலோடு வந்த ஆலன் கீ செட், மணல் அல்லது அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பை, பேனா, நோட்டு. நேரம் ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து கை ஓய்ந்த பிறகு இதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் பயிற்சியை விட்டுவிட்டு இதற்கென்றே போங்கள்.

ஸ்க்ரூவில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பேரல் காலி என்று கண்ணால் பார்த்து, சேஃப்டி ஃப்ளாக் (பேரல் காலி என்று காட்டும் வண்ண நூல்) போட்டு, முனையை டார்கெட் பக்கமே வைத்திருங்கள். ஏர் பிஸ்டல்தானே என்ற எண்ணம் வேண்டாம்.

1. எவ்வளவு கீழே என்று முதலில் அளந்து எழுதுங்கள்

"கீழே போகுது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. மில்லிமீட்டர் வேண்டும்.

டார்கெட்டின் அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ அகலம். கருப்பு வட்டம் 7 வளையம் வரை, விட்டம் 59.5 மி.மீ. அதாவது மையத்திலிருந்து கருப்பின் கீழ் விளிம்பு ஏறக்குறைய 30 மி.மீ.

வழக்கம்போல் நின்று ஐந்து ஷாட் சுடுங்கள். நடுவில் ஸ்கோப் வழியாகப் பார்க்கக் கூடாது, மானிட்டரையும் மூடிவிடுங்கள். பிறகு டார்கெட்டை எடுத்து, மையத்தின் வழியே பேனாவால் ஒரு கிடைக்கோடு போட்டு, ஒவ்வொரு ஓட்டையும் அதற்கு எத்தனை மி.மீ கீழே என்று அளந்து சராசரி எடுங்கள். 22, 26, 19, 25, 23 என்று வந்தால் கூட்டுத்தொகை 115, சராசரி 23. மூன்று வளையத்துக்கு அருகில். இப்படி மூன்று டார்கெட்.

ஓட்டைகள் விழுந்திருக்கும் வடிவத்தையும் பாருங்கள்:

- ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டி, கீழே ஒரே இடத்தில்: சைட், பெல்லட், அல்லது ஏம் (குறி) பிடிக்கும் இடம்.
- நூல் பிடித்தது போல மேலிருந்து கீழே நீண்ட கோடு: காற்றின் வேகம் மாறுகிறது, அல்லது முன் சைட்டின் உயரத்தைக் கண் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எடுக்கிறது.
- மூன்று நடுவில், இரண்டு மட்டும் கீழே இடது பக்கம் ஓடிப்போனது (வலக்கைக்காரருக்கு): டிரிகரைப் பிடுங்குகிறீர்கள். இடக்கைக்காரருக்கு இது கீழே வலது.

எலெக்ட்ரானிக் டார்கெட்டில் சுடுபவர்கள் ஒரு தடவை லேன் மாற்றிப் பாருங்கள். கோளாறு பிஸ்டலில் இல்லாமல் அந்த லேனின் டார்கெட்டிலேயே இருப்பதும் உண்டு. வீட்டு மாடியிலோ கொட்டகையிலோ சொந்தமாக ரேஞ்ச் போட்டவர்கள் டேப் வைத்து அளக்க வேண்டும்: டார்கெட்டின் மையம், சுடுபவர் நிற்கும் தரை மட்டத்திலிருந்து 1.40 மீட்டர் உயரம். சுடும் கோட்டிலிருந்து டார்கெட்டுக்கு 10 மீட்டர்.

2. ஏம் பிடிக்கும் இடம் எது?

புதியவர்களின் "கீழே போகுது" புகார் பலமுறை இங்கேயே முடிந்துவிடும். செலவு இல்லை, ஐந்து நிமிடம் போதும்.

மேட்ச் பிஸ்டலில் பத்தை நேராகப் பார்த்துச் சுடுவதில்லை. கருப்பு சைட் கருப்பு வட்டத்துக்குள் போனால் விளிம்பு தெரியாது. அதனால் கருப்புக்குக் கீழே வெள்ளையில், ஆறு மணிக்கும் கீழே, முன் சைட்டை நிறுத்துகிறோம். சைட்டோ அதற்கேற்ப மேலே சுடும்படி வைக்கப்பட்டிருக்கும். ஏம் ஓரிடம், விழுவது வேறிடம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பழைய பிஸ்டல் வாங்கியவர்களும் கிளப் பிஸ்டலில் சுடுபவர்களும் இங்கே மாட்டிக்கொள்வார்கள். முன்பு வைத்திருந்தவர் கருப்பின் மையத்தைப் பார்த்துச் சுட்டவராக இருந்து, நீங்கள் கருப்பின் அடி விளிம்பைப் பிடித்தால், ஷாட் சரியாக 30 மி.மீ கீழே, 7 வளையத்தின் கோட்டில் போய் உட்காரும். வெள்ளையில் இன்னும் கீழே இறங்கிப் பிடித்தால் இன்னும் கீழே. உங்கள் சராசரி 30-க்கும் 50-க்கும் நடுவில் வந்து, குரூப்பும் (ஓட்டைகளின் கூட்டமும்) சின்னதாக இருந்தால், பிஸ்டலில் கோளாறு எதுவும் இல்லை. நேராக 5-ஆம் படிக்குப் போங்கள்.

3. பிஸ்டலா, கையா: பெஞ்சில் வைத்துப் பிரித்துப் பாருங்கள்

2-ஆம் படியிலேயே காரணம் தெரிந்தவர்களைத் தவிர வேறு யாரும் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. மற்றதெல்லாம் இதன் முடிவைப் பொறுத்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் துணிப்பையை வையுங்கள். உங்கள் மணிக்கட்டும் க்ரிப்பின் அடியும் பைமேல் இருக்கட்டும். பேரலையோ சிலிண்டரையோ பைமேல் சாய்க்காதீர்கள். அப்படிச் சாய்த்தால் பிஸ்டல் அதிரும் விதமே மாறி, ஷாட் வேறு இடத்துக்குப் போகும், அதை நம்பி சைட்டைத் திருப்பினால் நின்று சுடும்போது எல்லாம் தப்பும். இரண்டு கையாலும் பிடிக்கலாம். நின்று சுடும்போது பிடித்த அதே ஏம் இடத்தைப் பிடித்து, மூன்று டார்கெட்டில் ஐந்தைந்து ஷாட்.

பெஞ்சிலும் அதே அளவு கீழே வந்தால் காரணம் பிஸ்டல், பெல்லட், காற்று, சைட் இவற்றில் ஒன்று. 4-ஆம் படி. பெஞ்சில் நடுவில் விழுந்து, நின்றால் மட்டும் கீழே என்றால் பிஸ்டலை உறையில் வைத்துவிட்டு 6-ஆம் படிக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவே 3, 4 மி.மீ வித்தியாசம் இயல்பு. அதைத் துரத்த வேண்டாம்.

கோச்சோ அனுபவமுள்ளவரோ பக்கத்தில் இருந்தால் அவரையும் உங்கள் பிஸ்டலில் பத்து ஷாட் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் கீழே விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அவர் கண்ணுக்கும் பிடிக்கும் ஏற்ற மாதிரி சைட்டை மாற்ற விடாதீர்கள்.

4. பிஸ்டல் பக்கம்: செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

ஸ்க்ரூக்கள். முன் சைட்டின் ஸ்க்ரூ, பின் சைட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, க்ரிப் ஸ்க்ரூ, சிலிண்டரின் மரை. ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பின் சைட்டின் பிளேடை நகத்தால் மேலும் கீழும் லேசாகத் தள்ளுங்கள். உள்ளே உள்ள ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் பிளேடு மயிரிழை ஆடும். அந்த மயிரிழையின் கணக்கைப் பாருங்கள்: முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 330 மி.மீ இருந்தால், பின் சைட்டில் 0.1 மி.மீ மாற்றம் 10 மீட்டரில் 3 மி.மீ. சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம்தான் 0.1 மி.மீ. இரண்டரைத் தாள் கனம் பின் சைட் இறங்கினால் ஒரு வளையம் போயிற்று.

முன் சைட்டை மாற்றினீர்களா என்றும் யோசியுங்கள். சில மாடல்களில் அகலம் மாற்றுவதற்காக வேறு முன் சைட் போடும்போது உயரமும் மாறிவிடும். உயரமான முன் சைட் ஷாட்டைக் கீழே இறக்கும்.

பெல்லட். டின்னின் மேல் எடை அச்சிட்டிருக்கும். மேட்ச் பெல்லட்டில் 0.45 கிராமும் உண்டு, 0.53 கிராமும் உண்டு. பிந்தையது பொதுவாக ரைஃபிளுக்கு. கடையில் எது கிடைத்ததோ அதை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? ஏர் பிஸ்டலின் வேகம் நொடிக்கு சுமார் 150 மீட்டர் என்று வையுங்கள். 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் 22 மி.மீ கீழே இறங்குகிறது. அதே காற்றில் கனமான பெல்லட் 138 மீட்டர் வேகத்தில்தான் போகும், இறக்கம் 26 மி.மீ. பெல்லட்டை மாற்றியதற்கே அரை வளையம் கீழே. அதனால் சைட் வைத்த பெல்லட்டையே தொடர்ந்து வாங்குங்கள். டின்னில் 4.49, 4.50 என்று தலையின் விட்டம் போட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். ஒரு டின்னில் 500 இருக்கும், போட்டிக்கு முந்தின வாரம் புது வகை டின்னைத் திறக்காதீர்கள்.

காற்று. இதே கணக்கில், வேகம் 150-லிருந்து 130-க்கு இறங்கினால் இறக்கம் 29 மி.மீ, ஏறக்குறைய ஒரு முழு வளையம். சிலிண்டரின் அளவுமானியைப் பாருங்கள். 200 பார் வரை நிரப்பும் சிலிண்டரில் ரெகுலேட்டர் ஒரே அளவாகக் காற்றை விடும். ஆனால் சிலிண்டரின் அழுத்தம் ரெகுலேட்டர் வைத்திருக்கும் அளவுக்கும் கீழே போய்விட்டால் ஒவ்வொரு ஷாட்டும் முந்தினதைவிட மெதுவாகப் போகும். அந்தக் கீழ் எல்லை எத்தனை பார் என்பது மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் மேனுவலில் பார்த்து சிலிண்டர் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். கிளப்பில் குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் பத்து ஷாட் அதன் வழியே சுடுங்கள். நல்ல நிலையில் உள்ள பிஸ்டலில் பத்தின் வேகமும் நொடிக்கு மூன்று நான்கு மீட்டர் வித்தியாசத்துக்குள் அடங்கும். பத்து பதினைந்து என்று தாவினால் ரெகுலேட்டரை ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) பார்க்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போட்ட பழைய மாடல் என்றால் குளிரையும் கணக்கில் எடுங்கள். வெப்பம் குறைந்தால் அழுத்தமும் குறையும், ஷாட் இறங்கும். சென்னையில் சைட் வைத்துவிட்டு டிசம்பரில் டெல்லிக்குப் போட்டிக்குப் போனால் முதல் ஐந்து ஷாட்டிலேயே தெரிந்துவிடும்.

பிரீச் ரப்பர் வளையம். பேரலின் பின்முனையில், பெல்லட் நுழைக்கும் இடத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் காற்று பின்பக்கம் கசியும். டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூடிய பிரீச்சின் மேல் படுக்க வைத்து, பாதுகாப்பான பக்கம் ஒரு ஷாட் சுடுங்கள். டிஷ்யூ துள்ளினால் கசிவு. வளையம் விலை குறைந்த பொருள்தான், ஆனால் உங்கள் மாடலுக்கு உரியதே வேண்டும்.

பேரலும் முனையும். முனையில் உள்ள ஏர் ஸ்ட்ரிப்பர் (பெல்லட்டோடு வரும் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் பாகம்) தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பெல்லட் போகிற போக்கில் அதை உரசும். குரூப் பெரிதாகி ஒரு பக்கமாக இழுக்கும். கழற்றி, உள்ளே படிந்த ஈயத்தூளைத் துணியால் துடைத்து, நேராக முடுக்குங்கள். பேரலுக்குள் ஃபெல்ட் கிளீனிங் பெல்லட் இரண்டு மூன்று விட்டால் போதும். சுத்தம் செய்த பிறகு முதல் பத்து ஷாட்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். இரும்புக் கம்பியை முனை வழியே குத்தாதீர்கள், முனையின் விளிம்பில் கீறல் விழுந்தால் அதைச் சரிசெய்வது பெரிய செலவு.

5. இப்போது சைட்டைத் திருப்பலாம்

ஷாட் மேலே போக வேண்டுமானால் பின் சைட் மேலே ஏற வேண்டும். முன் சைட்டுக்கு இது தலைகீழ். இவ்வளவுதான் விதி. எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

சில தயாரிப்பாளர்கள் ஸ்க்ரூவின் பக்கத்தில் போடும் அம்புக்குறிக்கு, "ஷாட் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் இப்படித் திருப்பு" என்று பொருள். ஜெர்மன் சைட்களில் இந்த வழக்கம் உண்டு. வேறு சிலருடையதில் "இப்படித் திருப்பினால் ஷாட் இந்தப் பக்கம் போகும்" என்று பொருள். இரண்டும் நேர் எதிர். அம்புக்குறியை நம்பாமல், ஸ்க்ரூவைத் திருப்பி பிளேடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது கிளிக் கணக்கு. பெஞ்சில் ஐந்து ஷாட் சுட்டு சராசரி எடுங்கள். பின் சைட்டைச் சரியாக 10 கிளிக் ஏற்றுங்கள். மறுபடி ஐந்து ஷாட், சராசரி. 15 மி.மீ ஏறியிருந்தால் ஒரு கிளிக்குக் கிடைப்பது 1.5 மி.மீ. நம் எடுத்துக்காட்டில் 23 மி.மீ ஏற வேண்டும், ஆக மொத்தம் 15 கிளிக். பத்து ஏற்றியாயிற்று, இன்னும் ஐந்து. இந்த 1.5 என்ற எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள், போட்டியில் 15 நிமிட சைட்டிங் நேரத்தில் இதுதான் கைகொடுக்கும்.

ஸ்க்ரூவில் கொஞ்சம் வெற்றுச் சுற்று இருக்கும். இரண்டு கிளிக் இறக்க வேண்டுமானால் நான்கு இறக்கி இரண்டு ஏற்றுங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நின்றால் வெற்றுச் சுற்று உங்களை ஏமாற்றாது. மாற்றிய பிறகு முதல் இரண்டு ஷாட்டை விட்டுவிட்டு எண்ணுங்கள். ஒரே ஒரு ஷாட்டைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பவே வேண்டாம்.

பின் சைட் மேல் எல்லைக்கு வந்தும் ஷாட் கீழேயே நின்றால், மேலும் முறுக்காதீர்கள். முன் சைட் உயரமாக இருக்கிறது என்று பொருள். குட்டையானது கிடைக்குமா என்று கேளுங்கள். அரம் வைத்து ராவுவதற்கு முன் மாற்று முன் சைட் ஒன்று கையில் இருக்கட்டும்.

6. பெஞ்சில் நடுவே, நின்றால் கீழே

இந்தக் கூட்டம்தான் பெரியது. இதற்கு ஆகும் செலவு பொறுமை மட்டும்.

கண். முன் சைட்டின் மேல் விளிம்பு கத்தி முனை போலத் தெளிவாகவும் டார்கெட் மங்கலாகவும் தெரிய வேண்டும். புதியவர்களின் கண் கடைசி நொடியில் டார்கெட்டுக்குத் தாவும். தாவியதும் முன் சைட் பள்ளத்துக்குள் அரை மி.மீ இறங்குவது தெரியாது. அந்த அரை மி.மீ, 10 மீட்டரில் 15 மி.மீ. கண்ணாடி போடுபவர்கள் தூரப்பார்வைக் கண்ணாடியோடு சுட்டு முன் சைட் மங்கலாகத் தெரிந்தால், கண்ணிலிருந்து முன் சைட் வரை உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து கண் மருத்துவரிடம் கொடுங்கள். "படிக்கிற கண்ணாடி" என்று சொன்னால் 35, 40 சென்டிமீட்டருக்கு எழுதிக்கொடுப்பார், அது பிஸ்டலுக்கு உதவாது.

டிரிகர். விதிப்படி குறைந்தது 500 கிராம். எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதித்தால் புதுப் பிஸ்டல்களில் சில 600, 700-ல் கூட இருக்கும். கனம் கூடினால் விரலோடு சேர்ந்து கையும் இறுகும், முனை சாயும். 500-ஐக் கொஞ்சம் தாண்டி வையுங்கள். சரியாக 500-ல் வைத்தால் போட்டிச் சோதனையில் தோற்கும் அபாயம் உண்டு. டிரிகரின் முதல் கட்டத்தை (எளிதாக வரும் தொடக்க இழுப்பை) ஏம் இடத்துக்கு வந்து நிற்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஷாட்டை எதிர்பார்த்துக் கையை இறக்குவது. இதை உங்களால் உணர முடியாது, இன்னொருவர் வேண்டும். அவர் உங்கள் கண் படாமல் சில முறை பெல்லட் போட்டும் சில முறை போடாமலும் பிஸ்டலை மூடிக் கொடுக்கட்டும். இருபது முறை. பெல்லட் இல்லாத ஷாட்டில் முனை டக்கென்று கீழே தலையாட்டினால் நோய் பிடிபட்டது. மருந்து டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது: தினம் 15 நிமிடம், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, டிரிகர் விழுந்த பிறகும் இரண்டு நொடி சைட்டைப் பார்த்தபடி நிற்பது. டிரை ஃபயர் வசதி உள்ள பிஸ்டலில் மட்டும். ஸ்ப்ரிங் பிஸ்டன் வகையைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே அடிபடும். அந்த வகையில் இருபது முறைச் சோதனையும் கூடாது.

எட்டிப் பார்ப்பது. ஷாட் போனதும், சில சமயம் போவதற்கு முன்பே, எங்கே விழுந்தது என்று பார்க்க முகம் எழும், கை இறங்கும். ஒரு வாரம் மானிட்டரைத் துணியால் மூடிவிட்டுப் பயிற்சி செய்யுங்கள்.

க்ரிப்பின் சாய்வு. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை டார்கெட் நோக்கித் தூக்கி நிறுத்தி, கண்ணைத் திறங்கள். பத்து முறை. முன் சைட் ஒவ்வொரு முறையும் பள்ளத்துக்குள் அமிழ்ந்தே இருந்தால் க்ரிப் உங்கள் மணிக்கட்டைக் கீழே மடக்குகிறது. சாய்வு மாற்றும் ஸ்க்ரூ உள்ள பிஸ்டலில் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் வுட் பட்டி வைத்து, காய்ந்த பின் உப்புத்தாள். உள்ளங்கைத் தட்டு க்ரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி, ஆகவே அதைக் கையை நெருக்கும் இடுக்கியாக்கிவிடாதீர்கள்.

நேரம். பிஸ்டல் நின்ற பிறகு ஐந்து முதல் எட்டு நொடிக்குள் ஷாட் போக வேண்டும். பன்னிரண்டு நொடி தாண்டினால் தோள் இறங்கத் தொடங்கும். இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குங்கள்.

60 ஷாட்டின் நோட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். முதல் 35 நடுவில் இருந்து, 40-க்கு மேல் இறங்கினால் இரண்டே சந்தேகம்: தோள் ஓய்ந்துவிட்டது, அல்லது சிலிண்டர் காலியாகிறது. அளவுமானியைப் பார்த்தால் தெரியும்.

7. ஆர்மரரிடம் கொடுக்கும்போது

ரெகுலேட்டர், பிரீச் இவற்றை நீங்களே திறக்க வேண்டாம். பேரல் முனையில் ஏர் ஸ்ட்ரிப்பரைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது இவை கூடப் போக வேண்டும்: பெஞ்சில் சுட்ட மூன்று டார்கெட் (தேதி, பெல்லட் வகை, சிலிண்டர் அழுத்தம் மேலேயே எழுதி), குரோனோகிராஃப் எண்கள், பிஸ்டலோடு தொழிற்சாலையிலிருந்து வந்த சோதனை டார்கெட், வாங்கிய ரசீது, சீரியல் எண்ணின் நகல். "கீழே சுடுது" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அவர் தன் கையில் பத்து ஷாட் சுட்டு, "சரியாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். சிலிண்டரில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் 10 ஆண்டு. கெடு முடிந்ததைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, காற்று நிரப்பவும் கூடாது.

உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் அதற்கு இரண்டு மாதம் முன்பே பெஞ்ச் சோதனையை முடித்துவிடுங்கள். பிஸ்டல் திரும்பி வந்ததும் அதே பெல்லட், அதே பை, அதே மேசையில் ஐந்தைந்து ஷாட் மூன்று முறை சுட்டு, பழைய டார்கெட்டின் பக்கத்தில் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.